டம்ளருக்குக் கீழே

கத்திரி வெயில் நாட்களில் மெரினாவுக்குப் பகலிலேயே வந்துவிடும் கடற்காற்று அம்பத்தூரை எட்டுவதற்குள் வெயில் சாய்ந்துவிடுகிறது. நடுவில் 15 கிலோமீட்டருக்கு ஊர் கிடக்கிறது. ஆவடிக்கு இன்னும் தாமதம். சில நாள் வராமலே போய்விடும். அதுவரை மேற்கிலிருந்து அடிப்பது காய்ந்த காற்று. கொடியில் போட்ட துண்டு மொறமொறவென்று ஆகிவிடும்.

காற்று திசை மாறியதை எங்கள் வீட்டில் முதலில் சொல்வது டம்ளர். மதியம் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி வைத்தால் எவர்சில்வரின் வெளிப்பக்கம் லேசாகப் பனித்து, அதோடு நின்றுவிடும். கடற்காற்று வந்த பிறகு அதே டம்ளர் முத்து முத்தாக வியர்க்கும். முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக இறங்கும். குடித்து முடிப்பதற்குள் அடியில் ஒரு வட்டக் குளம்.

கணக்கு எளிது. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைச் சுமக்கும். 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராம்தான் முடியும். டம்ளரை உரசிப் போகும் காற்று சட்டென்று குளிர்ந்து, சுமக்க முடியாததை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. வங்காள விரிகுடாவில் ஏறிய நீர் அம்பத்தூரில் ஒரு மேஜைமேல் இறங்குகிறது. துடைக்கும்போது அதை நினைத்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

*

மண்பானையும் வியர்க்கும். அது வேறு வியர்வை. பானையின் ஈரம் உள்ளே இருந்த தண்ணீர். துளை வழியே கசிந்து, ஆவியாகி, போகிற போக்கில் உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால் காய்ந்த காற்றில்தான் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும். டம்ளரின் ஈரம் காற்றுக்குச் சொந்தமானது. ஈரக்காற்றில்தான் அது வழியும். மேல்காற்று பானைக்கு, கீழ்காற்று டம்ளருக்கு.

பானைக்குக் கீழே பிரிமணை இருந்தது, அல்லது பரப்பிய மணல் இருந்தது. காபிக்கு டவரா. காபி ஆற்றுவதற்காக என்று பெயர், பாதி நேரம் அது டம்ளருக்குக் கீழே உட்கார்ந்து சிந்தியதை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட வீடுகளில் சிவப்புச் சிமெண்டுத் தரைமேல் வளையம் விழுந்தால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, முடிந்தது. வளையம் ஒரு பிரச்சினையானது பாலிஷ் போட்ட மரம் வீட்டுக்குள் வந்த பிறகு.

பாலிஷ் என்று ஆசாரி தேய்ப்பது பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. சூடான டம்ளருக்கு அது இளகிக்கொடுக்கும், ஈரம் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். அதுதான் வெள்ளை வளையம். பெரும்பாலும் போக்கிவிடலாம். கறுத்த வளையம் என்றால் நீர் பாலிஷைத் தாண்டி மரத்துக்கே இறங்கிவிட்டது. அதற்கு உப்புத்தாள்தான், மறுபடி பாலிஷ்தான், ஆசாரிக்காகக் காத்திருப்புதான்.

*

வளையம் விழாமலிருக்க டம்ளருக்கு அடியில் ஒரு கோஸ்டர் வேண்டும். அதை டைல்ஸிலேயே செய்துகொள்ளலாம், இந்தப் பக்கம் டைல்ஸுக்குப் பஞ்சமே இல்லை. அம்பத்தூர் ஓ.டி. தாண்டினாலும் சரி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையிலும் சரி, எந்தத் தெருவிலும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது, ஒரு வீடு இடிந்துகொண்டிருக்கிறது. எழும்பும் வீட்டு வாசலில் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியேறி வந்த அட்டைப்பெட்டிகள். இடியும் வீட்டு வாசலில், குளியலறையிலிருந்து பெயர்த்தெடுத்த வெள்ளை நாலங்குலச் சதுரங்கள், முதுகில் சிமெண்டு ஒட்டியபடி. பெயர்க்கும்போது பாதி உடையும். உடையாதவற்றைக் கேட்டால் சும்மாவே தருவார்கள், எதற்கு என்று மட்டும் கேட்பார்கள். கடைகளில் டிசைன் நின்றுபோன பெட்டியின் கடைசித் துண்டுகள், மூலை உடைந்தவை, சாம்பிள் பலகையிலிருந்து கழற்றியவை எல்லாம் ஒரு மூலையில் சாய்ந்திருக்கும். டம்ளருக்கு அடியில் வைக்க நாலங்குலம் தாராளம்.

எதை எடுப்பது என்பதற்குப் படத்தைவிட முதுகு முக்கியம். டைல்ஸைத் திருப்பி, நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தால் தெரியும். ஒட்டிப் பிடித்தால் அது நீர் குடிக்கும் ஜாதி. நாக்கு வேண்டாமென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சுவருக்குப் பதிக்கும் சாதாரண செராமிக், தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சும். தரைக்குப் போடும் விட்ரிஃபைடு அரை சதவீதம்கூட உறிஞ்சாது. அதனால்தான் கொத்தனார்கள் சுவர் டைல்ஸை முதல் நாளே டிரம்மில் ஊறப்போடுகிறார்கள். ஊறாமல் பதித்தால் அது கலவையின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, சிமெண்டைப் பட்டினி போட்டுவிடும். விட்ரிஃபைடுக்கு ஊறப்போட்டுப் பயனில்லை. ‘கெமிக்கல்’ என்று அவர்கள் சொல்லும் பசை வேண்டும்.

காய்ந்த சுவர் டைல்ஸைப் பக்கெட்டில் இறக்கும் கணத்தைப் பார்க்க வேண்டும். தாகத்தோடு வந்த மாடு தொட்டியில் வாய் வைத்த மாதிரி ஒரு சத்தம், மெல்லிய ‘ஸ்ஸ்’. முதுகெங்கும் ஊசி முனைக் குமிழிகள் வரிசை கட்டி ஏறும். துளைகளில் இருந்த காற்று வெளியேறி, நீர் குடியேறுகிறது. பிறகு குமிழிகள் ஒவ்வொன்றாக நிற்கும். சுமார் 100 கிராம் எடையுள்ள துண்டு 10 கிராமுக்கு மேல் குடித்திருக்கும். ஒரு டம்ளர் ஒரு சாயங்காலம் வியர்ப்பதற்கு அதில் இடமுண்டு.

ஆனால் நாம் டம்ளரை வைப்பது மறுபக்கத்தில். அங்கே இருப்பது கிளேஸ், அதாவது சூளையில் உருகிப் படிந்த கண்ணாடி. அது ஒரு துளியும் வாங்காது. வழிந்த நீர் வழவழப்பில் தேங்கி நிற்கும், டம்ளரைத் தூக்கினால் கோஸ்டரும் கூடவே ஒட்டிக்கொண்டு எழும்பி, பாதி வழியில் தொப்பென்று விழும். அழகான பக்கம் குடிக்காது, குடிக்கும் பக்கம் மேஜையைப் பார்த்துக் குப்புறக் கிடக்கிறது. டைல்ஸில் கோஸ்டர் செய்வதன் சிக்கல் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

*

வெட்டுவது. பெரிய டைல்ஸைத் துண்டு போட டைல்ஸ்காரரின் கட்டிங் மெஷின் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கட்டரால் கிளேஸ்மேல் ஒரே அழுத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு நேர் கீழே ஒரு ஆணி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் ஓர் அமுக்கு. சொன்னபடி உடைந்தால் ஒரு சந்தோஷம். கோட்டின்மேல் இரண்டாம் முறை ஓட்டக் கூடாது, ஓட்டினால் அது தன் இஷ்டத்துக்குப் போகும்.

உடைந்த ஓரம் பிளேடு. தேய்க்க சாணைக்கல். இந்தச் சென்னையில் அதற்கு ஒரு வம்சம் உண்டு: கார்போரண்டம் யூனிவர்சல் 1954-இல் தொடங்கியது, திருவொற்றியூரில் அதன் ஆலை. கல்லை நனைத்து, டைல்ஸையும் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். காய்ந்தபடி தேய்த்தால் கிளம்பும் தூசி மூச்சுக்குள் போய் வெளியே வராத தூசி. நனைந்தால் வெறும் சேறு, கையோடு போய்விடும்.

தேய்ப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது. முதலில் கரகர, பிறகு சரசர, கடைசியில் சத்தமே இல்லாமல் கல் வழுக்கும். விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும்.

அடியில் ஒட்ட மெத்தென்று ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் மரத்தைக் காப்பாற்ற வந்த டைல்ஸே மரத்தைக் கீறும். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பது இதற்கு வசதி. கேஸ்கெட் வெட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் அண்டைவீட்டுக்காரர் கார்க் ஷீட்டில் பஞ்ச் அடித்து விழுந்த வட்டங்களைப் பை நிறையக் கொடுத்தார். எஞ்சினுக்கு வேண்டியது வளையம். நடுவில் விழும் வட்டம் கழிவு. டம்ளருக்கு வேண்டியது அந்த வட்டம்.

*

கோஸ்டரின் மேல்பக்கத்தில் என்ன படம் ஒட்டுவது? இந்த ஊரில் வேலை நின்றுபோகும் இடம் இது.

நல்ல தாளில், நல்ல நிறத்தில் வீட்டில் சேர்வது இரண்டு: சிவகாசியில் அச்சான காலண்டர், கல்யாணப் பத்திரிகை. காலண்டரில் முருகன், மகாலட்சுமி, வேளாங்கண்ணி மாதா. பத்திரிகையைத் திறக்கும் முன்பே பிள்ளையார். எச்சில் டம்ளரை அவர்மேல் எப்படி வைப்பது? ‘அண்ணாந்துதானே குடிக்கிறோம், எச்சில் எங்கே’ என்று வாதாடலாம். வாதத்தில் ஜெயித்தாலும் கை வைக்காது. ஆகவே கத்தரிக்கோல். பிள்ளையாரை மட்டும் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மாங்காய் பார்டர், கொடி, வாழைமரம், நாதஸ்வரம், ஜரிகை நிற ஓரம் ஆகியவற்றை ஒட்டுவது. வெட்டியெடுத்த பிள்ளையார்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்துகொண்டே போகிறார்கள். அவர்களை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. குப்பைக்கும் போகக் கூடாது, சட்டத்துக்கும் போக முடியாது. அத்தனை பேரை எந்தப் பூஜை அலமாரி தாங்கும்?

பத்திரிகையின் மூலைகளில் தடவிய மஞ்சள், மேலே பூசும் வார்னிஷுக்குக் கீழே தங்கிவிடுகிறது. வெயில் படாமல் வைத்தால் நிறம் நிற்கும். அந்தக் கல்யாணத்தில் மாலை மாற்றியவர்களின் பிள்ளை வந்து அதன்மேல் பாதாம் பால் டம்ளரை வைக்கும்வரைகூட.

சாமி படம் போட்ட டைல்ஸுக்குத் தெருவில் வேறு வேலை. அரசாங்க ஆபீஸோ, கம்பெனியோ, காலி மனையோ, நீளமான காம்பவுண்டு சுவர் என்றால் அதில் முட்டிக்கு மேல் உயரத்தில் வரிசையாகப் பிள்ளையார், இயேசு, மெக்கா, மறுபடி பிள்ளையார். ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதி அலுத்தவர்கள் கடைசியாகக் கண்டுபிடித்த வழி. சாமிக்கு இது மரியாதையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் சுவர் காய்ந்துதான் இருக்கிறது. ஓரிடத்தில் படத்தைப் பார்த்து ஈரம் விலகிப் போகிறது. இன்னோர் இடத்தில் ஈரத்துக்கு அடியில் கொண்டுபோய்ப் படத்தை வைக்கலாமா கூடாதா என்று கத்தரிக்கோலோடு யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டுமே டைல்ஸ்தான்.

*

ஒட்டுவதற்கு எல்லோர் கையும் ஃபெவிகாலுக்குத்தான் போகும். 1959-இலிருந்து இந்த நாட்டு மரவேலையை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பசை. அதற்கு முன்னால் ஆசாரிகள் வச்சிரத்தைக் காய்ச்சினார்கள், நாற்றம் தெருமுனைவரை போகும். காகிதத்தை டைல்ஸில் ஒட்டத் தண்ணீர் கலந்த ஃபெவிகால் போதும். காற்றுக்குமிழ் மாட்டாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட வேண்டும். பழைய ஏ.டி.எம். கார்டு அதற்கு நல்ல கருவி.

ஆனால் ஃபெவிகாலுக்கு இரண்டு எதிரிகள், ஈரமும் சூடும். டம்ளர் கொண்டுவருவதும் அவை இரண்டையும்தான். ஆகவே மேலே வார்னிஷ், ஒன்று காய்ந்த பின் இன்னொன்று. மழைக்கால ஈரக்காற்றில் ஒவ்வொரு பூச்சும் காய மனசில்லாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். வார்னிஷ் முழுதாக இறுகும் முன் கொதிக்கும் காபியை வைத்தால் டம்ளரின் அடிவட்டம் அதில் அச்சாகிவிடும்.

காகிதம் ஒட்டி வார்னிஷ் போட்ட கோஸ்டர் பார்க்க நன்றாயிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம். ஆனாலும் நாம் செய்தது என்ன? குடிக்காத கண்ணாடிக்கு மேல் குடிக்காத இன்னொரு தோல்.

*

எனாமல் பெயிண்டால் கிளேஸ்மேல் கோலம் போடுகிறவர்கள் உண்டு. காய்ந்த அன்று பளபளக்கும். பெயிண்டுக்குப் பிடிமானம் வேண்டும், கண்ணாடியில் என்ன பிடிமானம்? பாத்திரம் தேய்க்கும் நாரோடு ஒரு மாதம் பழகினால் கோலம் செதில் செதிலாகக் கிளம்பிவிடும்.

டைல்ஸைக் கவிழ்த்து முதுகில் போட்டால் கதை வேறு. முதுகு வாங்கிக்கொள்கிறது. தூரிகை வைத்த இடத்தில் நிறம் உள்ளே இறங்கி, சுண்டி, கூர்மையாக நிற்கிறது. ஆனால் பழைய டைல்ஸின் முதுகு சமதளம் இல்லை. கலவை பிடிப்பதற்காகக் கட்டம் கட்டமாக மேடும் பள்ளமும், நடுவில் கம்பெனிப் பெயர் புடைப்பாக. அந்தப் பெயரை அழிக்காமல், மேட்டுக் கட்டங்களையே புள்ளி வரிசையாக எடுத்துக்கொண்டு பள்ளத்தில் கோட்டை ஓட்டினால், யாரோ அச்சு வெட்டியவர் நமக்காகவே புள்ளி வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

குளியலறை வேலைக்கு வந்த டைல்ஸ் மேஸ்திரி இதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, தப்பா திருப்பி வெச்சிருக்கீங்க,” என்று எடுத்துச் சரியாக வைத்தார். தண்ணீர் இழுக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறேன் என்றேன். ஒரு சொட்டை விட்டு, அது மறைவதைப் பார்த்தார். “இழுக்கும். நாங்க அது இழுக்கக் கூடாதுன்னுதான் ஊறப்போட்றோம்,” என்றார்.

*

திருப்பி வைத்துப் பார்த்த பிறகுதான் மொட்டை மாடி ஞாபகம் வந்தது.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் குழைத்துக் கொட்டி, தட்டிக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். 9 அங்குலச் சதுரம், 20 மில்லிமீட்டர் கனம், சுட்ட களிமண், கிளேஸ் கிடையாது. வெயிலை முதலில் வாங்குவதும் மழையை முதலில் வாங்குவதும் அதுதான். இப்போது அதன்மேல் வெள்ளை கூல் டைல்ஸ் வந்துவிட்டது, இடித்த வீடுகளில் தட்டோடு அடுக்கடுக்காகக் கிடக்கிறது, கேட்பாரில்லை. ஒரு தட்டோட்டை நான்காக வெட்டினால் நான்கு கோஸ்டர். பிளேடு தின்றது போக ஒவ்வொன்றும் நாலரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதற்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமே இல்லை. எந்தப் பக்கம் வைத்தாலும் குடிக்கும். டம்ளரின் வட்டக் குளம் உருவாகும் முன்பே உள்ளே போய்விடுகிறது, ஓடு மட்டும் அந்த இடத்தில் ஒரு நிழல் அளவுக்குக் கறுத்து, கொஞ்ச நேரத்தில் வெளுக்கிறது. கனம் மட்டும் அதிகம். காலில் போட்டுக்கொண்டால் தெரியும்.

நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலையும் இல்லை. மார்கழியில் வாசலில் வெள்ளைக் கோலத்தைச் சுற்றிச் செம்மண் இடுகிறோம். இங்கே செம்மண் ஏற்கெனவே இருக்கிறது, வெள்ளைக் கோடு மட்டும் போட்டால் போதும். கோடு மெல்லியதாக இருக்க வேண்டும். பெயிண்டு மூடிய இடம் குடிக்காது. அலங்காரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவு தாகம் குறைகிறது. மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்த சிக்குக் கோலம் ஒன்று, அதற்கு மேல் ஓடு தாங்காது, கண்ணும் தாங்காது.

ஆத்தங்குடிக் கல் இதற்கு நேர் எதிர்வழியில் போகிறது. காரைக்குடிப் பக்கத்து அந்த ஊரில் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, நிறச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் கண்ணாடி மாதிரியே வழவழப்பாக வெளிவரும். நிறம் பூச்சாக இல்லாமல் கல்லின் உடம்பாகவே இருப்பதால் பெயிண்டுப் பிரச்சினை எழாது. காபி சிந்தினால் மட்டும் கறை ஏறும். நடந்து நடந்து, துடைத்துத் துடைத்து மெருகேற வேண்டிய கல் அது. டம்ளருக்கு அடியில் வைத்தால் அந்த மெருகு எங்கிருந்து வரும்? தரைக்கே இருக்கட்டும்.

*

ஐப்பசி, கார்த்திகை. குடித்த ஓடு காய வேண்டும். கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் நிரம்பி, துணி மூன்று நாளாகியும் காயாமல் கிடக்கும் வாரத்தில், தட்டோட்டில் ஒரு பழைய கிணற்று வாசனை வந்துவிடுகிறது. வார்னிஷ் போட்ட கோஸ்டரைத் துடைத்தால் போதும், இதற்கு வெயில் வேண்டும். வெயில் இல்லாத நாளில், அடுப்பை அணைத்ததும் பர்னர் பக்கத்துச் சூட்டில் சாய்த்துவைக்கிறேன். எப்போதாவது கொதிநீரில் போட்டு எடுத்து உலர்த்துவது நல்லது. காபி வளையம் அப்படியும் போகாது. நான் போக்க முயலவும் இல்லை. அடுத்தடுத்து விழுந்த வளையங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கோலத்தின் சுழிகளோடு கலந்துவிட்டன. எது தூரிகை போட்டது, எது டம்ளர் போட்டது என்று தேடினால்தான் தெரியும்.

*

திருமுல்லைவாயலிலிருந்து பெரியம்மா வந்தார். காபியைக் கொடுத்தேன். அவர் ஓட்டைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், டம்ளரை அதற்குப் பக்கத்தில் வெறும் மேஜைமேல் வைத்தார்.

“பெரியம்மா, அது டம்ளர் வைக்கிறதுக்குத்தான்.”

“கோலத்து மேலயா? போம்மா.”

அவர் கிளம்பும்போது மேஜையில் ஒரு வெள்ளை வளையம் இருந்தது. தேங்காயெண்ணெயும் உப்பும் குழைத்துத் தேய்த்ததில் பாதி போயிற்று.

அடுத்த நான்கு ஓடுகளில் நடுவைத் தொடவில்லை. டம்ளரின் அடி இரண்டு அங்குலம் என்றால் சுற்றிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் கிடைக்கிறது. அந்த ஓரத்தில் மட்டும் படிக்கோலத்து இரட்டைக் கோடும், மூலைக்கு ஒரு சுழியும். நடுவில் மண் வெறுமனே இருக்கிறது, குடிக்க அதிக இடமும் ஆயிற்று. பெரியம்மா அடுத்த முறை வந்தபோது டம்ளரை நடுவில் வைத்தார். வைத்துவிட்டு, டவரா எங்கே என்று கேட்டார்.